பாஷா சாரின் பத்து நிமிடம்

ஆம்பூரில் ஷூவின் மேற்பாகம் தைத்து அயல்நாட்டுக்கு அனுப்பிவந்த அந்தக் கம்பெனியில், 1988ஆம் ஆண்டு வரைக்கும், சரியான நேரம் என்ன என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் யாரும் வருத்தப்பட்டதாகவும் தகவல் இல்லை.

வாசல் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். அதை முந்தவைத்தவர் மேனேஜர் வாஹித் பாஷா. கடிகாரம் முந்தினால் ஆட்களும் முந்திவருவார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஆட்களோ அதைப் பார்த்ததும் மனத்துக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு, நடையை எட்டிப் போடாமல் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கழித்துக்கொள்வது பாஷாவுக்கும் தெரியும். ஆகவே, காலைச் சங்கு ஊதிய பிறகும் பத்து நிமிடம் கதவைத் திறந்து வைக்கும்படி சொல்லியிருந்தார். இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டு, இருபது ஆண்டுகளைச் சண்டை சச்சரவில்லாமல் ஓட்டிவிட்டார்கள்.

அந்த அமைதியைக் குலைக்கத்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதனுடன் ஜெபராணியும் வந்தாள்.

ஜெபராணிக்கு வேலூர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளையும் அதே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக உட்கார வைத்துவிட வேண்டும், அந்த ஆண்டுக்குள் கல்யாணத்தையும் முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். மகளோ கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்து, இந்த வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆறு மாதம் சோதனைக் காலம். முதல் நாளே பாஷா சொல்லிவிட்டார்.

"மெஷின் ஒழுங்கா இருந்தா நீ பர்மனென்ட்டும்மா. அது ஒரு நாள் தப்பு பண்ணாலும், நான் வந்த நேரம் எழுதற பழைய அட்டைக்கே போய்டுவேன். அட்டைக்கு ஆபரேட்டர் வேணாம்."

அன்றிலிருந்து அந்த மெஷின் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்பதே ஜெபராணியின் காலை ஜெபமாகவும் மாலை ஜெபமாகவும் இருந்தது. அது தடுமாறினால் அவள் வேலூருக்கு மூட்டை கட்ட வேண்டும்.

நடு மெஷின் குளிர்சாதன அறையில் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து, திரையும் கீபோர்டுமாக மூன்று டெர்மினல்கள் வைத்திருந்தார்கள். ஒன்று அதே அறையில் ஜெபராணியிடம். ஒன்று கணக்குப் பிரிவில். இன்னொன்று வாசலில், டைம் ஆபீஸ் சம்பந்தத்தின் மேசைமேல். தொழிலாளர்கள் பித்தளை டோக்கனை நீட்டுவார்கள். சம்பந்தம் எண்ணைத் தட்டுவார். வந்த நேரத்தை மெஷினே பதிந்துகொள்ளும்.

முதல் வாரப் பதிவைப் பார்த்த பாஷாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மெஷினின் கடிகாரம் உண்மையான நேரத்தைக் காட்டியது. வாசல் கடிகாரத்தையும் அதைப் பார்த்துத் திருத்தியிருந்தார்கள், சங்கும் அதன்படியே ஊதியது. பத்தைக் கழித்தே பழகியவர்கள் இந்த எட்டு மணியிலும் பத்தைக் கழித்துவிட்டு, சாவகாசமாக எட்டுப் பத்துக்கு உள்ளே நுழைந்தார்கள்.

பாஷா ஜெபராணியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் மெஷினு பத்து நிமிஷம் ஸ்லோவா ஓடுது."

"இல்ல சார். ரேடியோ டைம் வெச்சிருக்கேன். கரெக்டா இருக்கு."

"கரெக்டா இருக்கறதுதாம்மா பேஜாரு. பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெய்யி."

"மெஷின் டைமை மாத்தக் கூடாதுன்னு மெட்ராஸ் இன்ஜினியர் சொல்லிட்டுப் போயிருக்கார் சார்."

"இன்ஜினியரு மெட்ராஸ்ல இருக்காரு. இங்க எட்டு மணிக்கு ஆளு வரணும்."

சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் இதற்குமேல் விவாதிப்பதில்லை. ஆயினும் ஜெபராணியின் மனசாட்சி ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய்வரும் மனசாட்சி. இரவு முழுவதும் ஒரு மெஷினைப் பொய்யோடு தூங்கவிட அதற்குச் சம்மதமில்லை. ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், யாரும் பக்கத்தில் இல்லாமலே மெஷின் அவற்றைப் பிசகாமல் செய்து முடிக்கும். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஜெபராணி இரண்டு ஸ்கிரிப்ட் எழுதினாள். மெஷின் கண்விழித்தவுடன் தன் கடிகாரத்தில் பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது முதலாவது. மாலையில் முறைப்படி அதை அணைக்கும்போது அந்தப் பத்தைக் கழித்துவிட வேண்டும். இது இரண்டாவது. காலையில் சொன்ன பொய்யை மாலையில் அறிக்கையிட்டுவிட்டு, மெஷின் சுத்த மனத்தோடு உறங்கப் போகும்.

பாஷாவுக்குப் பரம திருப்தி. "இனிமே மெஷின் டைம்தான் கம்பெனி டைம். சங்கும் அதேதான், சுவத்துக் கடிகாரமும் அதேதான்" என்று உத்தரவு போட்டார். சம்பந்தம் டெர்மினலைப் பார்த்தே சங்கு ஊதினார், சுவர்க் கடிகாரத்தையும் அதன்படியே திருப்பி வைத்தார். பாஷா தம்முடைய கைக்கடிகாரத்தையும் அவ்வப்போது மெஷினைப் பார்த்தே திருத்திக்கொண்டார்.

சம்பந்தத்துக்கு ஐம்பது வயது. சங்குப் பொத்தானை அழுத்தி அழுத்தியே நரைத்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"ஒரு ஊர்ல ஒரு சேவல் இருந்துச்சாம்மா. ஊரு இன்னும் சீக்கிரம் எழுந்திரிக்கட்டும்னு ஒரு நாழி முன்னாடியே கூவுச்சாம். ஊரு பார்த்துச்சு, சரி, இது ஒரு நாழி முன்னாடி கூவற சேவல்னு சொல்லிப் பொரண்டு படுத்துக்கிச்சு. சேவலுக்கு ரோஷம் வந்து இன்னும் முன்னாடி கூவுச்சு. ஊரு இன்னும் கொஞ்சம் பொரண்டுச்சு. கடைசியில அது சாயங்காலமே கூவ ஆரம்பிச்சு, ராச்சாப்பாட்டுக்கு எல்லாரையும் கூப்பிடற சேவலாயிட்டுச்சாம்."

"அப்புறம் இன்னா ஆச்சு அண்ணா?"

"ராச்சாப்பாட்டுக்குச் சேவலத்தான் சமைச்சாங்க."

ஜெபராணி சிரித்தாள். சேவலின் கதி தனக்கும் ஒரு பாடமாகலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஆடி பிறந்தது. காற்று கம்பிகளை ஒன்றோடொன்று மோதவிட்டது. மின்சாரம் நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. போகும்போதெல்லாம் நடு மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் மூச்சை விடும். ஜெனரேட்டர் உறுமியதும் தானாகக் கண்விழிக்கும். விழித்தவுடன், எழுதிவைத்ததைப் பிசகாமல் செய்யும். திடீரென்று மூச்சு நின்றவன் பாவ அறிக்கை செய்வது எப்படி? மாலைக்கான ஸ்கிரிப்ட் ஓடாமலே, காலைக்கான ஸ்கிரிப்ட் மறுபடி ஓடியது. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் மெஷினின் நேரம் இன்னொரு பத்து நிமிடம் முன்னேறியது.

பகலில் இது ஜெபராணியின் கண்ணில் பட வழியில்லை. செருப்பு, தலைப்பூ, கைக்கடிகாரம் எல்லாம் மெஷின் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மெட்ராஸ் இன்ஜினியர் போட்ட சட்டம். அறைக்கு ஜன்னலும் கிடையாது. காலையில், வெளி அலமாரியில் கடிகாரத்தைக் கழற்றி வைக்குமுன் மட்டும் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். பத்து நிமிடத்துக்குமேல் முந்தியிருந்தால் கையால் திருத்துவாள். "மெஷின் கடிகாரத்தோட பேட்டரி வீக்கா இருக்கு" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வாள். உயிர் போகிற பேட்டரி நேரத்தைப் பின்னுக்கு இழுக்குமே தவிர முன்னுக்குத் தள்ளாது. யோசித்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். ஆனால் பயத்தில் இருப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் சமாதானமே போதுமானதாகிவிடுகிறது.

மற்றவர்கள் அவளைவிடச் சமர்த்து என்று சொல்வதற்கில்லை. மாலைச் சங்கு ஊதியதும், பக்கத்து மாதனூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். கம்பெனி பஸ் வந்திருக்காது. அவர்கள் டிரைவர் ரஃபி அகமதுவைத் திட்டித் தீர்த்தார்கள். "இன்னா ரஃபி பாய், தூங்கிட்டு வர்றியா?" என்று கேட்பார்கள். "நான் எப்பவும் வர்ற டைம்தாம்மா" என்று அவன் சத்தியம் செய்வான். மேனேஜரும் அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார். ஒரு கம்பெனி முழுவதும் சேர்ந்து ஒரு பஸ்ஸைச் சந்தேகித்தது. கடிகாரத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. கடிகாரம் முந்தி ஓடுவது அங்கே வழக்கம்தானே? கொஞ்சம் கூடுதலாக முந்தினால், பாஷா சார் கூடுதல் கண்டிப்பாகிவிட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

சோதனைக் காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை. அன்று காற்றுக்குப் பித்துப் பிடித்திருந்தது. மதியத்துக்குள்ளாகவே ஜெனரேட்டர் ஆபரேட்டர் சலித்துப்போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டார். மெஷின் செத்துச் செத்துப் பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காக எழுந்து நின்றதைக் கண்டு ஜெபராணி கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

பிற்பகலில் பாஷா அவள் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டு, கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்து, சட்டத்துக்கு உட்பட்ட மனிதராக நாற்காலியில் அமர்ந்தார்.

"ஒரு ஆர்டர் அடிக்கணும். சொல்றேன், டைப் பண்ணும்மா."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இரண்டாவது வரியில் தன் பெயரையே தட்டினாள். அது அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. பிரின்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. வழக்கம்போல் தாளின் உச்சியில் தேதியையும் நேரத்தையும் மெஷினே போட்டுக்கொண்டது. மாலை ஐந்தேகால்.

"அசர் தொழுதுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார் பாஷா.

சற்று நேரத்தில் ஐந்தரை மணிக்கான மாலைச் சங்கு ஊதியது. ஜெபராணி விடுதித் தோழிகளுக்குக் கேக் வாங்குவதா, மைசூர்பாகு வாங்குவதா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவள் கண் கூசி நின்றாள். முற்றத்தில் வெயில் பளீரென்று அடித்தது. வாசலில் மாதனூர்ப் பெண்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியிலிருந்த தன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் இன்னும் நாலரைகூட ஆகவில்லை.

மசூதியில் நடந்ததைப் பிறகு சம்பந்தம்தான் சொன்னார். சங்குச் சத்தம் கேட்டதும் பாஷா பதறிப்போனாராம். சாயங்கால அசருக்கான பாங்கு காதில் விழவேயில்லை, தொழுகை தவறிவிட்டது என்று சம்பந்தத்தையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினாராம். அங்கே பாங்கு சொல்லும் ஹபீப் தண்ணீர்த் தொட்டி ஓரம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஹபீப், பாங்கு சொல்லவே இல்லியா?"

"இன்னும் நேரம் ஆவலியே பாய்."

"உன் கடிகாரம் ஸ்லோ. கம்ப்யூட்டர் டைம் பார்த்துட்டு வர்றேன். நம்ம ஷூ வாங்கற ஜெர்மன்காரன்கூட இத்தத்தான் நம்பறான்."

ஹபீப் எழுந்து, மசூதிச் சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்தை மரியாதையாகக் காட்டினார். "நீங்க வாங்கிக் குடுத்ததுதான் பாய். இது எத்தினி நிமிஷம் ஸ்லோன்னு நீங்களே சொல்லுங்க, திருப்பி வெச்சிட்றேன்."

பாஷா அண்ணாந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் முந்தவைக்கத் துணியாத ஒரே கடிகாரம் அதுதான்.

பாஷா மெஷின் அறைக்குத் திரும்பியபோது ஜெபராணி டெர்மினல் முன்னால் நின்றிருந்தாள். இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றவில்லை. மடித்த தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"இதுல இன்னா டைம் போட்டிருக்கு?"

"அஞ்சேகால் சார்."

"இப்போ இன்னா டைம்?"

"நாலரை சார்."

"அப்போ இந்த ஆர்டர் இன்னும் அடிக்கவே இல்லை. அஞ்சேகால் வரட்டும். அதுக்குள்ள இன்னா ஆச்சுன்னு எனக்குப் புரியற மாதிரி சொன்னா கையெழுத்து. இல்லேன்னா கிழிச்சுப் போட்டுட்டு அட்டைக்குப் போய்டலாம்."

அவள் திரையைப் பார்த்தாள். தான் எழுதிய சில வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தப்பு எதுவும் இல்லை. சொன்னதைத்தான் மெஷின் செய்திருக்கிறது. அப்போது மறுபடி விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் உறுமியது. மெஷின் கண்விழித்தது. விழித்ததும் விழிக்காததுமாக, அவள் கண்ணெதிரே, மேலும் பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொண்டது.

ஜெபராணி மெல்ல உட்கார்ந்தாள்.

"சார், நீங்க சொன்ன அந்தப் பத்து நிமிஷம் இருக்குல்ல?"

"அதுக்கு இன்னா?"

"அதை எழுந்ததும் ஏத்திக்கச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் படுக்கும்போது இறக்கிடும். ஆனா கரண்ட் போச்சுன்னா அது படுக்கறதில்ல சார், விழுந்துடுது. இறக்காமலே எழுந்து மறுபடி ஏத்திக்குது. இன்னைக்குக் காலையிலேர்ந்து அதேதான். ஏற்கெனவே ஏத்தியாச்சான்னு அதுக்குப் பார்க்கத் தெரியாது. பார்க்கச் சொல்லி நான் எழுதல. அது என் தப்பு. ஒரு மணி நேரம் குடுங்க சார், பார்த்துட்டு ஏத்தற மாதிரி மாத்திட்றேன்."

பாஷா தாடியைத் தடவினார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"சரி, உனக்குத்தான் ஜன்னல் இல்லை. வெளியில அத்தினி பேரு இருக்காங்களே, ஒருத்தருமா சொல்லல?" என்றபடி வாசலுக்கு நடந்தார். ஜெபராணி பின்னாலேயே போனாள்.

வாசலில் தையல் பிரிவு அம்சவேணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாதனூர்ப் பெண்களுக்கு அவள்தான் வாய்.

"ஏம்மா அம்சவேணி, வெயில் மண்டையப் பொளக்குது. சங்கு சீக்கிரம் ஊதிட்டாங்கன்னு தோணலியா?"

"தோணுச்சு சார். நீங்கதான் மெஷின் டைமு கம்பெனி டைமுன்னு சொல்லிட்டீங்க. மெஷின எதுத்துப் பேச நாங்க இன்னா படிச்சவங்களா?"

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

"ரஃபிய மட்டும் அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"அது மெஷின் இல்லியே சார். திட்டுனா திரும்பிப் பார்க்கும்."

பாஷாவின் முகத்திலும் ஒரு கோணத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார். "போவட்டும். நாளையிலேர்ந்து பழையபடி பத்தே பத்து நிமிஷம்தான் ஃபாஸ்ட்டு. கம்ப்யூட்டரம்மா சரி பண்ணிடும்."

"நல்லது சார். இருபது வருஷமா எங்களுக்கும் அதுதானே தோது" என்றாள் அம்சவேணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தோதுன்னா?"

அவள் கடலையில் மிகுந்த அக்கறை காட்டினாள். பக்கத்தில் நின்ற சம்பந்தம் வானத்தைப் பார்த்தார். பாஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் ஜெபராணி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீதான் படிச்சவ."

ஜெபராணி மெஷின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மேசைமேல் கையெழுத்தில்லாத தாள் கிடக்கிறது. ஐந்தேகால் இன்னும் வரவில்லை. நல்ல வார்த்தையாக நாலு சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் பொய்க்கு ஸ்கிரிப்ட் எழுதிப் பட்டபாடு அவளுக்கு அன்றைக்குப் போதுமென்றிருந்தது.

"சார், காலையில கடிகாரம் பத்து நிமிஷம் முந்துது. நீங்க பத்து நிமிஷம் கதவைத் திறந்து வைக்கறீங்க. அதனால எல்லாரும் நிஜமான எட்டு மணிக்குத்தான் வர்றாங்க. அதுல நமக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. சாயங்காலமும் அதே கடிகாரம்தான் சார். ஆனா சாயங்காலம் யாரும் பத்தைக் கழிக்கறதில்ல. சங்கு ஊதினதும் போய்ட்றாங்க."

 இருபது வருடத்து மாலை நேரங்கள் பாஷாவின் கண்முன்னே ஊர்வலமாகப் போயிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் போகிற போக்கில் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"சம்பந்தம், உனக்கு இது தெரியுமா?"

"சங்கு ஊதறவன் சார் நான். கணக்குப் பார்க்கறவன் இல்லை."

சாலைக்கு அப்பாலிருந்து அசர் பாங்கு எழுந்தது. பாஷா தலையைக் கவிழ்த்து அது முடியும் வரை கேட்டார். பிறகு, "எல்லாரும் உள்ள போங்க. சாயங்காலம் இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டு மசூதிக்கு நடந்தார். அம்சவேணி எழுந்து, மடியிலிருந்த கடலைத் தோலை உதறினாள். "எல்லாம் என் வாயி" என்று முனகிக்கொண்டே பெண்களை ஓட்டிக்கொண்டு தையல் கூடத்துக்குத் திரும்பினாள்.

ஜெபராணி தன் கைக்கடிகாரத்தை அறைக்கு உள்ளேயே கொண்டுபோய், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மெஷினின் நேரத்தை அதன்படி சரிசெய்தாள். இரண்டு ஸ்கிரிப்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருந்தாள்.

பாஷா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"அந்த ரெண்டையும் அழிச்சிடு. மசூதியில எந்த டைமோ, அதே டைம் இங்கேயும்."

அவள் அழித்தாள். அவர் தாளை எடுத்து வைத்தார். திரையின் மூலையில் ஐந்தேகால் வந்து நின்றது. அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"கரெக்டான டைமுக்குக் கையெழுத்துப் போட்டது என் சர்வீஸ்லயே இதுதாம்மா ஃபர்ஸ்ட்டு" என்றார்.

அன்று மாலை ரஃபி அகமதுவின் பஸ் வாசலில் வந்து நின்றது. பெண்கள் இன்னும் உள்ளே தைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரனை நீட்டி அடித்து, "இன்னாம்மா, தூங்கறீங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் காலை, சுவர்க் கடிகாரம், சங்கு, மெஷின் மூன்றும் ஒரே நேரத்தைச் சொல்லின. எட்டு மணிக்குச் சம்பந்தம் சங்கை ஊதினார். மாதனூர்ப் பெண்கள் மட்டும் பஸ்ஸின் தயவால் சரியாக வந்து இறங்கியிருந்தார்கள். மேனேஜரைக் காணோம். சங்கு ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான், ஆடிக் காற்றில் குல்லாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாலை முனையில் பாஷா ஸ்கூட்டரில் தென்பட்டார்.

"இன்னா சம்பந்தம், அதுக்குள்ள ஊதிட்டே?" என்றபடி, மசூதி நேரத்துக்குத் திருத்திய கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். "நான் கிளம்பும்போது எட்டு. அப்படின்னா ஏழு ஐம்ப..."

பாதியில் நிறுத்தினார். மெஷின் அறை வாசலில் ஜெபராணி செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பாஷா பார்த்துவிட்டார். பார்க்காதவர் போல அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.